பல்லைப் பறித்தது தலையெழுத்தன்று

சென்ற திங்கள் இப்பகுதியில் உறக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த அன்பர் ஒருவர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னை ஓரமாக அழைத்து, "பல் துலக்கினால் ஈற்றில் இரத்தம் வருகிறது. அதற்கு அஞ்சித் துலக்குவதையே நிறுத்திவிட்டேன். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதக் கூடாதா?" என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன்; பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பயணச்சீட்டுக் கணக்கு எழுதுபவன். ஆயினும் அவருடைய கேள்விக்கு விடை தேட எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு சிறிய இரும்பு உரல் இருக்கிறது. என் தாத்தா வெற்றிலை இடிப்பதற்கு வைத்திருந்தது அது. அவர் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையின்படி, 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர்த் தென் கன்னட மாவட்டத்துச் சுள்ளியாவில் இரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தவர். அங்கிருந்துதான் என் தந்தையார் பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்தார்.

நான் அறிந்த நாள் முதல் தாத்தா பொக்கை வாயர். நாற்பத்தைந்து வயது நிரம்புவதற்குள் அவருடைய பற்களெல்லாம் போய்விட்டனவாம். சொத்தை விழுந்து போகவில்லை. முழுப் பற்களே ஒன்றன்பின் ஒன்றாக ஆடி, தாமாகக் கழன்று விழுந்தன. அப்பாயிக்கோ எழுபது வயதிலும் முறுக்குக் கடிக்கும் பல் இருந்தது. விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் உரலில் வெற்றிலை இடித்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் அப்பாயியிடம் இதற்குக் காரணம் கேட்டேன். "ஒரே லயம், ஒரே காம்பிரா, ஒரே சோறு. அவருக்குப் பல்லு போச்சு, எனக்கு நின்னுச்சு. எல்லாம் தலையெழுத்து ராசா" என்றார். தோட்டத்துத் தொழிலாளர் வாழ்ந்த நீண்ட வரிசை வீட்டுக்கு லயம் என்றும், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட ஒற்றை அறைக்குக் காம்பிரா என்றும் பெயர்.

தலையெழுத்து என்ற அந்த விடை எனக்கு நெடுநாள் போதுமானதாக இருந்தது. ஆனால் அதே மலையகத்தில், தாத்தாவைப் போன்ற தொழிலாளர்களின் வாயிலேயே, உலகம் இக்கேள்விக்கு விடை தேடியது என்பதைப் பின்னாளில் படித்தபோது திகைத்துப் போனேன்.

நானூற்று எண்பது பேர்

நார்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்பவர் பல்லீற்று நோய் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். அவரும் அவருடைய துணைவர்களும் 1970ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து, 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தனர். அனைவரும் ஆண்கள், தொடக்கத்தில் 14 முதல் 31 வயது வரை உள்ளவர்கள். பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவரிடம் செல்லும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களை மீண்டும் மீண்டும் சோதித்து, 1985 வரை கணக்கெடுத்தனர். அதே காலத்தில், பற்களை நன்கு பேணி வந்த ஆஸ்லோ நகரத்துப் படித்தவர்களையும் இவ்வாறே கவனித்து வந்தனர்.

முடிவு என்ன? நம்மவர் அனைவருடைய பற்களிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன. அனைவருடைய ஈறும் வீங்கியிருந்தது. சொத்தைப் பல்லோ மிக அரிது. நாற்பது வயதை நெருங்கும்போது, நார்வேக்காரரின் பல்லை விட்டு ஈற்றின் பிடிப்பு சராசரி ஒன்றரை மில்லிமீட்டர் அளவே கீழிறங்கியிருந்தது. நம்மவருக்கு அது நாலரை மில்லிமீட்டர்.

வியப்பு இதற்கு மேல்தான் இருக்கிறது. ஒரே உணவு, ஒரே உழைப்பு, ஒரே அழுக்கு என்று இருந்த அந்தத் தொழிலாளர்கள் மூன்று வகையாகப் பிரிந்து நின்றார்கள். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் காட்டுத் தீப் போலப் பரவியது. இருபது வயதிலேயே அவர்களுக்குப் பல் விழத் தொடங்கியது. நாற்பதில் பன்னிரண்டு பற்கள் போயின. நாற்பத்தைந்தில் வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. நூற்றுக்கு எண்பத்தொரு பேருக்கு நோய் மெல்ல நகர்ந்தது. நாற்பத்தைந்து வயதில் அவர்கள் ஏழு பற்கள் வரை இழந்தார்கள். எஞ்சிய பதினொரு பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி. அதற்கு மேல் நோய் நகரவே இல்லை. பிடிப்பு ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கவில்லை.

என் தாத்தா அந்த 480 பேரில் ஒருவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாத்தாவின் வாயையும் அப்பாயியின் வாயையும் அந்தக் கணக்கில் நான் கண்டேன். கிருமி ஒன்றே காரணம் என்றால், ஒரே அழுக்கில் வாழ்ந்தவர்கள் மூன்று கூறாகப் பிரிவானேன்? விடை கிருமியிடம் மட்டும் இல்லை. கிருமியை எதிர்த்துப் போரிடும் நம் உடலிடமும் இருக்கிறது.

வாயின் உட்சுவர்

நம் வாயின் உட்புறம் முழுவதையும் ஈரமான ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் செங்கல் அடுக்கியதுபோல அடுக்கடுக்காக அமைந்ததே அச்சவ்வு. கன்னத்தின் உட்புறம் மென்மையானது. ஈறும் மேலண்ணமும் மெல்லும் உராய்வைத் தாங்கும்படி சற்றுக் கடினமானவை. மேலடுக்கு அணுக்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றோடு, ஒட்டியிருந்த கிருமிகளும் உதிர்ந்து போகின்றன. கீழிருந்து புதியவை எழுகின்றன. இவ்வாறு சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் இந்தச் சுவர் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. வாயில் பட்ட காயம் விரைவில் ஆறுவது இதனால்தான்.

அடுத்த காவல் உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ஊறும் இந்நீர் வெறும் நீரன்று. கிருமிகளின் சுவரைக் கரைக்கும் பொருளும், கிருமிகள் சவ்வில் ஒட்டாதவாறு அவற்றைப் பிணைத்து வயிற்றுக்கு அனுப்பும் எதிர்ப்புப் பொருளும் அதில் உண்டு. சவ்வுக்குள்ளே கிளை விரித்த சில அணுக்கள் ஒற்றர்களைப் போல அமர்ந்திருந்து, புதிதாக வருவது நட்போ பகையோ என்று பார்த்துச் செய்தி அனுப்புகின்றன.

இத்தனை காவல் இருந்தும் ஓரிடம் பலவீனமானது. நம் உடல் முழுவதும் தோலோ சவ்வோ இடைவெளியின்றி மூடியிருக்கிறது. எலும்பில் வேரூன்றிய ஒரு கடினப் பொருள் அந்தப் போர்வையைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்பது பல் ஒன்றில்தான். பல்லும் ஈறும் சேரும் அந்த விளிம்பில் அணுக்கள் நெருக்கமின்றித் தளர்வாகவே ஒட்டியிருக்கின்றன. எங்கள் தொழிலில் சொல்வதானால், நிலையத்துக்கு எத்தனை உயரமான மதில் எழுப்பினாலும் தண்டவாளம் உள்ளே வரும் இடத்தில் மதில் கட்ட முடியாது; அங்கே ஆள் போட்டுத்தான் காவல் காக்கவேண்டும். இயற்கையும் அவ்வாறே செய்திருக்கிறது. நோயற்ற நல்ல ஈற்றிலும், இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் இரவும் பகலும் புறப்பட்டு, அந்தத் தளர்ந்த விளிம்பின் ஊடே வெளிவந்து, கிருமிகளை விழுங்கித் தாமும் மடிகின்றன.

இந்தக் காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாட்டினால் வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேற இயலாது. அக்குழந்தைகளுக்கு இளமையிலேயே ஈறு அழிந்து பற்கள் விழுந்துவிடுகின்றன.

காவலே கேடாகும் வகை

ஈற்றுக்குக் கேடு எவ்வாறு நேர்கிறது? உண்ட சில மணி நேரத்தில் பல்லின்மேல் கிருமிகளும் அவை உண்டாக்கும் பசையும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் படிகிறது. நாக்கால் தடவினால் சொரசொரப்பாக உணர்வோமே, அதுதான். துடைத்தால் போய்விடும். துடைக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் கல்லாக இறுகும். அதனையே பற்காரை என்கிறோம்.

அதே லோ என்பவர் 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டில், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்துப் பார்த்தார். பத்து நாள் முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஏறத்தாழ ஒரு வாரத்தில் அனைவருக்கும் அது தணிந்தது. ஆகவே தொடக்க நிலையில் இந்நோய் முற்றிலும் நம் கையில் இருக்கிறது.

படலம் நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீங்காமல் நின்றால் நிலைமை மாறுகிறது. வெள்ளணுக்கள் அலையலையாக வந்து குவிகின்றன. அவை கிருமியைக் கொல்ல உமிழும் காரமான பொருள்கள், அருகிலுள்ள ஈற்று நாரையும் அரிக்கின்றன. உதவிக்கு மேலும் படை வரவேண்டும் என்ற செய்தி ஓயாமல் போகிறது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தேசிய சுகாதார ஆய்வகங்களைச் சேர்ந்தோர், வாய்ச் சவ்விலுள்ள உயிரணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகைப்படுத்தி வெளியிட்டனர். ஈற்றைக் கட்டி நிறுத்தும் நார் அணுக்களும் வெள்ளணுக்களை 'வா, வா' என்று அழைக்கின்றன என்றும், நோயுற்ற ஈற்றில் இந்த அழைப்பு மிகுகிறது என்றும் அவர்கள் கண்டனர். காவலரை வீட்டுச் சுவரே கூவி அழைப்பது போன்றது இது.

இச்செய்தி எலும்புக்கும் எட்டுகிறது. எலும்பைக் கரைக்கும் தனி அணுக்கள் நம் உடலில் உண்டு. பழைய எலும்பைக் கரைத்துப் புதியதற்கு இடம் செய்வது அவற்றின் வழக்கமான பணி. ஈற்றில் மூண்ட தீ அவற்றைத் தூண்டிவிட, பல்லைச் சுற்றியுள்ள எலும்பு அந்தத் தீயை விட்டு மெல்ல மெல்லப் பின்வாங்குகிறது. வேரின் பிடி தளர்கிறது. பல் ஆடுகிறது. விரைந்து நோய் கண்ட அந்த எட்டு விழுக்காட்டினருக்கு, நாற்பத்தைந்து வயதில் பிடிப்பு இறங்கிய அளவு சராசரி 13 மில்லிமீட்டர். பல்லின் வேரே ஏறத்தாழ அவ்வளவு நீளந்தான்!

ஆகவே அன்பர்களே, பல்லைப் பறிப்பது கிருமி மட்டுமன்று. தணியாத காவலும் சேர்ந்தே பறிக்கிறது. அந்தக் காவல் ஒருவருக்கு அளவோடு நிற்கிறது. மற்றொருவருக்குக் கட்டுமீறிப் போகிறது. இதில் பரம்பரைக்குப் பங்குண்டு. புகை பிடிப்பதற்குப் பங்குண்டு. நீரிழிவுக்கும் பங்குண்டு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈற்று நோய் முற்றும்; ஈற்று நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். அப்பாயி சொன்ன தலையெழுத்தில் ஒரு சிறு உண்மை உண்டுதான். ஆனால் மூன்று வகையினரில் நாம் எவ்வகை என்பதைப் பல் ஆடத் தொடங்கும் முன் நாமே அறிந்துகொள்ள இயலாது. அறிய இயலாத ஒன்றை மாற்ற முயல்வதைவிட, அறிந்த ஒன்றை நீக்குவதே அறிவுடைமை. தீ மூளக் காரணமான படலத்தை நாள்தோறும் துடைத்துவிட்டால், காவற்படை எத்தகையதாயினும் அதற்கு வேலை குறையும்.

பெயரில்லாத ஆசிரியர்கள்

2010ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் அந்தத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். 480 பேரில் 75 பேரையே சோதிக்க முடிந்தது. நாற்பது ஆண்டுகளில் ஒரு பல்லும் இழக்காதவர் அவர்களில் இருந்தார். 28 பற்களை இழந்தவரும் இருந்தார். சராசரி இழப்பு பதின்மூன்று பற்கள். முப்பது வயதில் ஈற்றின் பிடிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, அறுபது வயதில் இருபது பற்களாவது மிஞ்சுமா என்று ஓரளவு முன்னறியலாம் என்பது அவர்கள் கண்ட மற்றொரு முடிவு.

உலகெங்கும் பல் மருத்துவம் பயிலும் மாணவர்கள் இன்றும் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். அவர்களுடைய நூல்களில் 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்' என்று ஒரு தொடர் வருகிறது. நோயின் இயற்கைப் போக்கைக் காண்பதே அந்த ஆராய்ச்சியின் நோக்கம். போக்கை மாற்றுவது அன்று. பிழைக்கக் கடல் கடந்து போன நம்மவரின் வழித்தோன்றல்கள் வாயைத் திறந்து காட்டினார்கள். பிறர் அளந்து எழுதிக்கொண்டார்கள். உலகத்தின் பற்கள் பிழைத்தன. இதனை நினைக்கும்போது எனக்குப் பெருமையும் வருகிறது, நெஞ்சில் முள்ளும் தைக்கிறது. அந்த ஆராய்ச்சியின் பயன் வெளியூரில் பிழைக்கும் நம் வீடுகளுக்கே வந்து சேராமற்போனால், அது அவர்களுக்கு நாம் செய்யும் நன்றியன்று.

என் வாய்க் கணக்கு

இவ்வளவும் எழுதும் நானே குற்றவாளிதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் ஈற்றில் இரத்தம் கசிந்தது. நானும் அந்த அன்பரைப் போலவே கீழ்வரிசைப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன். என் மனைவிதான் வற்புறுத்திப் பல் மருத்துவரிடம் அனுப்பினாள். அங்கே பயிற்சி மருத்துவராக இருந்த ஓர் இளம் பெண், அளவு பொறித்த மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லின் ஓரத்தையும் அளந்து, உடனிருந்தவர் எழுதிக்கொள்ளக் கன்னடத்தில் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். "மூரு, மூரு, நால்கு, ஐது..." தமிழனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத எண்கள் அல்லவா! மூன்று வரை குற்றமில்லை என்றார். ஐது என்று கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்குப் பரண்மேல் இருக்கும் உரல் நினைவுக்கு வந்தது.

காரையை நீக்கினார்கள். மூன்று மாதம் ஒழுங்காகத் துலக்கிய பின் மீண்டும் அளந்தபோது, ஐது இரண்டே இடங்களில் இருந்தது. இழந்த எலும்பு தானாக வளராது; எஞ்சியதைக் காத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னார். அங்கு கற்றதையும் பின்னர்ப் படித்ததையும் சுருக்கமாகத் தருகிறேன்.

இரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்தக் கூடாது. இரத்தம் காவற்படை அடிக்கும் மணி. மணியடிக்கும் இடத்துக்குத்தான் மெல்லிய பிரஷ் முதலில் போகவேண்டும். காலையிலும், மறவாமல் இரவு படுக்கும் முன்னும், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் அழுத்தாமல் துலக்குக. விரலால் தேய்க்கும் பற்பொடி விளிம்புக்குள் போவதில்லை. செங்கற்பொடியும் கரியும் பல்லைத் தேய்க்குமேயன்றிக் காக்கமாட்டா. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோர் கண்ட நல்ல வழிகளே; ஆனால் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாழ்வோருக்கு அவை நாள்தோறும் கிடைப்பதில்லை. பல் இடுக்குகளை நூலாலோ சிறு பிரஷாலோ துடைப்பது நன்று.

காரையை எடுத்தால் பல் ஆடும் என்று நம் வீடுகளில் ஓர் அச்சம் உண்டு. அது தவறு. எலும்பு முன்னரே இறங்கியிருக்கும். காரையும் வீக்கமும் அதனை மறைத்து நிற்கும். அவை நீங்கியதும் இடைவெளி கண்ணில் படுகிறது, அவ்வளவே. புகை பிடிப்போருக்கு நோய் முற்றியும் இரத்தம் குறைவாகவே கசியும். அதனை நலம் என்று எண்ணி ஏமாறவேண்டாம். நீரிழிவு உள்ளோரும் கருவுற்ற தாய்மாரும் ஈற்றைக் கட்டாயம் காட்டவேண்டும். வெற்றிலைபாக்கும் புகையிலையும் ஈற்றுக்கு மட்டுமன்றி, வாய்ச் சவ்வு முழுவதற்குமே பகை. வாய்ப் புற்றுக்கு அவை வழி. தாத்தாவின் உரலை நான் வைத்திருப்பது நினைவுக்காக மட்டுமே.

தனியார் மருத்துவச் செலவுக்கு அஞ்சுவோர் நம்மில் பலர். கோட்டைப் பகுதியில், விக்டோரியா மருத்துவமனைக்கு அருகே, 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் நேரத்தோடு சென்று காத்திருக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை நாம் இரயிலுக்குக் காட்டுகிறோம், பல்லுக்கும் காட்டலாம்.

என்னைக் கேட்ட அன்பர் இன்று இரவே மீண்டும் துலக்கத் தொடங்குவாராக. இரண்டு வாரம் கழித்தும் இரத்தம் நிற்கவில்லையானால், அடுத்த கூட்டத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லட்டும். அடுத்த திங்கள் கண்புரையைப் பற்றிக் காண்போம்.